புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம்

எதிர்வீட்டு மாமியைப் பற்றி என் டயரியில் முதன்முதலாகப் பதிவானது அவருடைய பையின் நிறம். ‘ஞாயிறு, மதியம் 2.40. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் நீலப் பையுடன் வெளியே போனார். திரும்பியது 6.25. பை கனமாக இருந்தது.’ இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஞாயிறு, ஐந்து நிமிட வித்தியாசத்தில், இதே பதிவு. அதற்கடுத்த இரண்டாவது வாரமும் அப்படியே. நான்காவது முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கரமனையில் எங்கள் தெரு குறுகலானது. எதிர் வரிசையில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்காமல் இருப்பதற்குத்தான் முயற்சி செய்ய வேண்டும். தவிரவும் எனக்கு வேலை வானிலை அளவெடுக்கும் அலுவலகத்தில். மழைமானியையும் வெப்பமானியையும் குறித்த நேரத்தில் பார்ப்பது, பார்த்ததை அங்கேயே நின்று எழுதுவது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் வந்த நேரம், விருந்தாளி கிளம்பிய நேரம், எதிர்வீட்டு மாமியின் பை எல்லாம் டயரியில் ஏறின.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியிருந்ததால் தெரு அவரை மாமி ஆக்கிவிட்டது. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மேலே வந்தவர். தனியாக இருந்தார். யார் வீட்டுக்கும் சும்மா போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பையைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஏதோ பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போகிறார் என்பது ஒன்று. யாருக்கோ சமைத்து எடுத்துக்கொண்டு போகிறார் என்பது இரண்டாவது. நான் எந்தக் கருத்தையும் ஏற்கவில்லை. போகும்போது லேசாக இருந்த பை வரும்போது கனப்பது எப்படி என்று மட்டும் யோசித்தேன்.

விடை அந்த வருட நவராத்திரியில் கிடைத்தது. மாமி வீட்டிலும் கொலு வைத்திருந்தார். என் மனைவி சுண்டல் வாங்கிக்கொள்ளப் போய்விட்டு வந்து, என்னையும் போய்ப் பார்க்கச் சொன்னாள். சொன்ன விதமே சரியில்லை. போனேன். மேல்படியில் கலசம். அடுத்த படியில் தசாவதாரம். அதற்கும் கீழே, சோழிகளுக்கும் செட்டியார் பொம்மைக்கும் நடுவில், அட்டையிலும் தகரத்திலும் செய்த ஒரு நீளமான கப்பல். சக்கரமோ பாய்மரமோ இல்லை. கப்பலுக்கு முன்னால் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை போட்ட ஏழு பொம்மைகள் வரிசையாக நின்றன.

தெருக்கோடி வீட்டு அம்மாள் கேட்டார்: “ராமருக்குக் கீழே நிக்கறாளே, இவாள்லாம் யாரு?”

“கேப்டன்கள்.”

“ஏழு பேரா?”

“நீங்க பத்து அவதாரம் வெக்கறேள். நான் ஏழோட நிறுத்தியிருக்கேன், அல்லே?” என்றார் மாமி. குரலில் விளையாட்டே இல்லை.

அப்படித்தான் தெரிந்தது. அது ஒரு வெளிநாட்டுக் கதைத்தொடர். நட்சத்திரங்களுக்கு நடுவே ஆங்காங்கே கலங்கரை விளக்குகள் இருக்கின்றன. ஒரு பழைய கப்பல் அவற்றைப் பழுது பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போகிறது. விளக்கு அணைந்த இடத்தில் என்ன ஆபத்து என்பதுதான் கதை. புத்தகமாகத் தொடங்கி, படக்கதையாகி, சினிமாவாகி, பிறகு தொலைக்காட்சியில் சீசன் சீசனாக வந்துகொண்டே இருந்தது. மாமிக்குப் பதினோரு வயதில் பிடித்துக்கொண்டது, பிறகு விடவில்லை. தொடரின் ஆங்கிலப் பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையாததால் அது கப்பல் சீரியல் ஆயிற்று.

நீலப் பையில் போனவை ஒன்றிரண்டு நோட்டுகள், வரும்போது அவற்றோடு வீடியோ கேசட்டுகள். பழவங்காடியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் கப்பல் சீரியல் ரசிகர்கள் பதினாறு பேர் மாதம் இரண்டு ஞாயிறு கூடினார்கள். ஒருமுறை நானும் வரலாமா என்று கேட்டேன். தொடரில் எனக்கு அக்கறை இல்லை. சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். மாமி ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டு, “வாங்கோ. ஆனா பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாம இருந்தாப் போரும்” என்றார்.

போகும் வழியில் கணபதி கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தார். என்ன வேண்டுதல் என்று கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை புது சீசன் தொடங்குகிறதாம்.

அந்த மாடியில்தான் மாமியின் நோட்டுகளைப் பார்த்தேன். என் டயரியைவிட ஒழுங்கானவை. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம். கதை, பேசியவர்கள், பார்த்த இடம், கூட இருந்தவர்கள், ‘தடங்கல்’ என்று ஒரு பத்தி. படத்தில் புள்ளி விழுந்தது, கேபிள் போனது, கரண்ட் போனது எல்லாம் அந்தப் பத்தியில் வரும். பக்கத்தின் தலையில் ஓர் அடையாளம். தானே பார்த்ததானால் கறுப்புப் புள்ளி. பிறர் சொல்லக் கேட்டதோ, படித்ததோ ஆனால் வெறும் வட்டம்.

“பாத்தது பாத்ததுதான், கேட்டது கேட்டதுதான்” என்பார். ஒரு கூட்டத்தில் இதை மூன்று முறையாவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

மற்றவர்களிடமும் இதே கண்டிப்பு. ஒருமுறை எல்லோரும் வேன் வைத்துக் கல்லாற்றுக்குப் போனோம். பாறையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடும்போது, புதிதாகச் சேர்ந்த ஒருவர், தொடரின் முதல் சினிமாவைத் தான் இங்கே தியேட்டரில் முதல் நாளே பார்த்ததாகச் சொன்னார். எல்லோருக்கும் பொறாமை. மாமி தயிர்சாதத்தைக் கீழே வைத்தார்.

“இன்டர்வெல் எந்த எடத்துல விட்டா?”

அவர் யோசித்து, கப்பல் தீப்பிடிக்கும் இடத்தில் என்றார்.

“அன்னிக்கு இன்டர்வெல்லே விடலை. மெஷின் கெட்டுப்போய் ரெண்டு தடவை தானா நின்னுது. அதுக்கு மேல எதுக்கு ஒரு இன்டர்வெல்னு அப்படியே ஓட்டிட்டா. நான் நாலாவது வரிசை.”

அந்த மனிதர் காலை நனைக்கப் போகிறேன் என்று ஆற்றுப் பக்கம் எழுந்து போனார். அப்புறம் கூட்டத்துக்கு அவர் வந்ததாக என் டயரியில் இல்லை.

மற்றவர்கள் இதற்காக மாமியை மதித்தார்கள். எனக்கோ சந்தேகம் கூடியது. இவ்வளவு வருடம், இவ்வளவு பகுதி, ஒன்றுகூட வழுக்காமல் ஒருவருக்கு நினைவிருக்குமா? ஞாபகம் இப்படித் துல்லியமாக இருந்தால் அதில் எங்கோ கற்பனை கலந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மழைமானிப் புத்தகத்தில் தொடர்ந்து அழகான எண்களாக வந்தால் மேலதிகாரி சந்தேகப்படுவார். யாரோ பார்க்காமலே எழுதுகிறார்கள் என்று அர்த்தம். மாமியின் நோட்டு எனக்கு அப்படித்தான் பட்டது. அவருக்குத் தெரியாமல் நான்கு முறை சோதித்தேன். அவர் ‘மழை, படம் சரியில்லை’ என்று எழுதிய நாட்களை நினைவில் வைத்துக்கொண்டு வந்து என் டயரியில் பார்த்தேன். நான்கு நாளும் மழை பெய்திருந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதிலாக எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கதவு விஷயத்தில்தான் மாமி மாட்டினார். அல்லது அப்போது நான் அப்படி நினைத்தேன்.

ஏழாவது கேப்டனின் முடிவு ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. அந்தச் சீசனின் கடைசிப் பகுதியில் அவர் அணைந்துபோன ஒரு விளக்குக்குள் தனியாக நுழைகிறார். கதவு மூடுகிறது. அவ்வளவுதான். செத்தாரா, இருக்கிறாரா என்று பின்னால் வந்த எந்தச் சீசனும் சொல்லவில்லை. இங்கே அந்தப் பகுதியை எல்லோரும் வேறொரு சானலின் சனிக்கிழமை மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள். மாமி ஒருவர்தான் வியாழக்கிழமை முதல் ஒளிபரப்பில் பார்த்தார். அந்தச் சானல் அப்போது எங்கள் தெருக் கேபிளில் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் நோட்டில் கறுப்புப் புள்ளிக்குக் கீழே இப்படி இருந்தது: ‘கதவு மூடுகிறது. திரை இருட்டு. பிறகு கதவு மறுபடி ஒரு சாண் திறக்கிறது. தரையில் வெளிச்சம். ஆள் தெரியவில்லை. தடங்கல்: இல்லை.’

அந்த ஒரு சாண் வேறு யாரிடமும் இல்லை. மறு ஒளிபரப்பில் இல்லை. பின்னால் வந்த டிவிடி தட்டுகளில் இல்லை. வேறு ஊர் ரசிகர்களுக்கு எழுதிக் கேட்டார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை.

பல வருடம் இதை மாமியின் பிடிவாதம் என்று விட்டிருந்தார்கள். பிறகு ரசிகர் சங்கம் தொடருக்கு ஒரு முழுக் கையேடு அச்சிடத் தீர்மானித்தது. அதற்கு அடிப்படை மாமியின் நோட்டுகள். முதல் பக்கத்தில் தொகுத்தவர் என்று அவர் பெயர் வருவதாக இருந்தது. அவர் பெயர் அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. வரப்போகிறது என்றதும் அவர் புதுப் பேனா வாங்கியதைப் பார்த்தேன். அப்போதுதான் செயலாளர் கதவுப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். அவர் பாறசாலைப் பக்கத்து ஆள், கல்லூரியில் வாத்தியார், பேச்சில் மரியாதை குறையாதவர்.

“மாமி, கோபப்படாண்டாம். இத வேற யாராவது பாத்தாங்களா?”

“இல்லை. நான் மட்டும்தான்.”

“அச்சில போட்டா ஊரெல்லாம் கேக்கும். மாமி வெச்ச ரூல்தானே இது?”

மாமி கொஞ்சமும் தயங்கவில்லை. கூடத்தின் மூலையில் இருந்த என்னைக் கை காட்டினார். “கதவைப் பாத்ததுக்கு சாட்சி இல்லை. கரண்ட் இருந்துது, தடங்கல் இல்லைன்னு எழுதியிருக்கேனே, அதுக்கு சாட்சி இருக்கு. இவர் எதிர்வீடு. தெனம் டயரி எழுதறார். அதுல பாக்கச் சொல்லுங்கோ.”

அடுத்த கூட்டத்துக்கு நான் டயரியை எடுத்துப் போனேன். வீட்டிலேயே பார்த்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்டபோது எனக்குள் எழுந்தது வருத்தம் இல்லை. பல நாள் காத்திருந்த ஒன்று கைக்குக் கிடைத்தது போல இருந்தது.

அந்தக் கோடையில் மாலையில் அரை மணி நேர மின்வெட்டு இருந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் நேரம் மாறும். அந்த வியாழக்கிழமையின் ஓரத்தில் என் கையெழுத்தில் ‘மின்வெட்டு 8.00–8.30’ என்று இருந்தது. பகுதி ஏழரைக்குத் தொடங்கி எட்டு இருபதுக்கு முடிந்திருக்கிறது. கதவு வருவது கடைசி இரண்டு நிமிடம். அதாவது முதல் அரை மணியைப் பார்த்திருக்கிறார், கரண்ட் போயிருக்கிறது, மீதியை அவரே முடித்துக்கொண்டிருக்கிறார்.

அதை வாசித்தேன். செயலாளர், பத்திரிகையில் போட்ட நேரத்தை எழுதினீர்களா, நடந்ததை எழுதினீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் வழக்கத்தைச் சொன்னேன். வாரம் தொடங்கும்போது பத்திரிகையைப் பார்த்து ஏழு நாள் நேரத்தையும் ஓரத்தில் எழுதிவிடுவேன். மின்வெட்டு வராத நாளில் அன்றைக்கே அதை அடித்துவிடுவேன். அதே வாரத்தில் செவ்வாயும் ஞாயிறும் அடிக்கப்பட்டிருப்பதைக் காட்டினேன். வியாழன் அடிக்கப்படவில்லை.

மாமி எழுந்து என்னிடம் வந்தார். பக்கத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமாம் மாமி.”

“அப்போ செரி” என்று திரும்பிப் போய்த் தன் நோட்டைத் திறந்து ஏதோ எழுதினார்.

ஒரு புள்ளி போனால் மற்றப் புள்ளிகளும் சந்தேகம்தானே என்று யாரோ சொன்னார்கள். அதைச் சொன்னது நான் இல்லை, ஆனால் நினைத்தேன். கையேடு தட்டுகளைப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. மெலிந்த புத்தகம். தொகுத்தவர் என்று மூன்று பேர் பெயர் இருந்தது, மாமியின் பெயர் இல்லை. அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நீலப் பை வெளியே போகவில்லை. நவராத்திரியில் கேப்டன்கள் வரவில்லை. அந்தப் படியில் ஒரு பூந்தொட்டி இருந்தது. புது சீசன் வந்தபோது மாமி பார்த்தாரா என்று தெரியாது. அவர் வீட்டு ஜன்னலில் தொலைக்காட்சியின் வெளிச்சம் தெரிந்தது. என்ன ஓடியது என்று என்னால் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்றதும் பாலக்காட்டில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு நோட்டை என்னிடம் கொடுத்தார். “மத்ததெல்லாம் என்னோட வரது. இது உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கதவுப் பக்கம் இருந்த நோட்டு அது. கறுப்புப் புள்ளியை அவர் அழிக்கவில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். ‘தடங்கல்: இல்லை’ என்பதற்குக் கீழே வேறு மையில்: ‘எதிர்வீட்டு டயரிப்படி அன்று 8 முதல் 8.30 வரை மின்சாரம் இல்லை. அப்படியானால் நான் பார்த்தது என்ன என்று தெரியவில்லை.’

இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டார் என்று டயரியில் எழுதியும் வைத்தேன். இப்படியே பதினைந்து வருடத்துக்கு மேல் போயிற்று.

சென்ற மாதம் என் மனைவி பழைய கிரைண்டரை யாருக்கோ கொடுத்துவிட்டாள். இருவருக்கு மிக்சி போதும். அது எத்தனை வருடம் உழைத்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாங்கிய நாளைத் தேடிக்கொண்டு பழைய டயரிகளை எடுத்தேன். வாங்கியது ஒரு புதன்கிழமை. மறுநாளும் ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டினேன்.

வியாழக்கிழமை. ஓரத்தில் அதே மின்வெட்டு வரி. பதிவு நீளமாக இருந்ததால் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அடுத்த பக்கத்தின் முதல் வரி: ‘இரவு 7.40 முதல் 8.20 வரை கிரைண்டர். புதுக்கல், சத்தம் அதிகம். செய்தி ஒன்றும் காதில் விழவில்லை.’

இரண்டு முறை படித்தேன். எட்டு மணிக்கு மின்சாரம் இல்லாமல் எட்டு இருபது வரை கிரைண்டர் ஓடாது. வராத மின்வெட்டை அடிக்க மறந்தது நான். கூட்டத்துக்கு எடுத்துப் போனபோது ஓரத்தை மட்டும் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பவில்லை. அலுவலகத்தில் மணி ஆகுமுன் அளவை எழுதுகிறவனுக்கு வேலை போய்விடும். வீட்டில் நான் ஏழு நாளையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டிருந்தேன்.

மனைவியிடம் கேட்டேன். அன்றைக்கு அரைத்தது ஞாபகம் இருக்கிறதா?

“எனக்கென்ன ஞாபகம்? கரண்ட் இருந்திருந்தா அரைச்சிருப்பேன். இல்லேன்னா அரைச்சிருக்க மாட்டேன்” என்றாள்.

கதவு திறந்ததா என்பது இப்போதும் எனக்குத் தெரியாது. கரண்ட் இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். ஆனால் மாமி என்னிடம் அன்று கேட்டது அது மட்டும்தான்.

பாலக்காட்டு எண்ணைச் செயலாளரிடம் வாங்கினேன். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். தங்கை எடுத்து, அவரிடம் கொடுத்தார். குரல் மெலிந்திருந்தது; கேட்கும் விதம் மாறவில்லை. யார் என்று சொன்னேன். கிரைண்டர் வரியை அப்படியே படித்தேன். அடிக்க மறந்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

“அந்த வரி என்ன மை?”

“நீலம், மாமி.”

“ஓரத்துல இருக்கறது?”

“அதுவும் நீலம்தான்.”

“பக்கத்துல எத்தனாவது வரி?”

“முதல் வரி.”

“மேல எடம் இருந்துது, அல்லே? இப்போ எழுதிச் சேக்கற மாதிரி?”

இல்லை என்றேன். நான் சொன்னது எனக்கே போதுமானதாகப் படவில்லை. அறுபதை எட்டப்போகிற ஒருவன், இவ்வளவு வருடம் கழித்து, ஒரு கிழவியைச் சமாதானப்படுத்த ஒரு வரி எழுதிச் சேர்ப்பது நடக்கக்கூடியதுதான். நானாக இருந்தால் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

“ஆத்துக்காரிக்கு ஞாபகம் இருக்கோ?”

“இல்லை. கேட்டேன்.”

“பின்னே அந்த வரியை வேற யாராவது பாத்தாளா? அப்போ, அந்த நாள்ல?”

என் டயரியை யாரும் படித்ததில்லை. யாருக்கும் கொடுத்ததில்லை. கூட்டத்தில்கூட ஓரத்தைத்தான் விரலால் காட்டினேன்.

“இல்லை மாமி” என்றேன். “நான் மட்டும்தான்.”